பல்லைக் கடிக்கக் கூடாது

நான் வழுக்கி விழவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். எங்கள் பக்கம் இன்றைக்கும் யாராவது என் மேல்வரிசையில் லேசாக மஞ்சள் தட்டிய முன்பல்லைப் பார்த்துவிட்டு, "அன்னிக்குப் பம்படியில வழுக்கி விழுந்தியே, அப்ப ஆனதா ஆத்தா இது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வழுக்கவும் இல்லை, விழவும் இல்லை. அடிபம்பு என் வாயில் அடித்தது. அது ஏன் அடித்தது, ஆடிப்போன பல் எப்படி நின்றது, பெரியாஸ்பத்திரியில் என்ன பாடு பட்டேன் என்பதை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைத்தால், நாளைக்கு இதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிற யாருக்காவது உதவும்.

எழுபதுகளின் கடைசி அது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடி போகும் வழியில் எங்கள் வீடு. நான் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. என் மாமியார் அந்நியமில்லை, என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அதனால் அவர் எனக்கு அத்தை, மாமனார் வீரணன் எனக்கு மாமா, அவர்கள் மகன் தங்கராசு எனக்கு மச்சானும் புருஷனும். சொந்தத்தில் கட்டிக்கொடுத்தால் பெண் சௌகரியமாக இருப்பாள் என்பார்கள். சௌகரியம்தான். ஆனால் அந்த வீட்டைப் பற்றி ஒரு குறை சொன்னால் அது அப்பாவின் அக்காவைக் குறை சொன்னதாகிவிடும். அதனால் நான் எந்தப் புகாரைக் கொண்டு போனாலும் என் அம்மா ஒரே மருந்துதான் கொடுப்பார்: "பல்லக் கடிச்சுக்கிட்டு இரு பாண்டி, எல்லாம் சரியாப் போகும்." பாண்டி என்பது நான். பள்ளிக்கூடத்தில் பாண்டியம்மாள் டீச்சர்.

மாமாவுக்கு ரிப்பேர் வேலையில் கொள்ளைப் பிரியம். தெருவில் பாதி வீட்டுப் பம்புகளில் அவர் கை பட்டிருந்தது. "வீரண்ணே, பம்பு தண்ணி எடுக்க மாட்டேங்குது" என்று யாராவது வாசலில் நின்றால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கடையில் வாங்கிய சாமானில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டுப் பின்புறத்து அடிபம்பில் கைப்பிடியைப் பிடித்திருந்த போல்ட் தேய்ந்துபோனபோது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு நீள ஆணியைச் செருகி நுனியை வளைத்துவிட்டார். அன்றிலிருந்து கைப்பிடி இடமும் வலமும் ஆடியது.

"மாமா, இது ஒருநாள் கழண்டு வரும். ஒரு போல்ட் வாங்கிப் போடுங்க" என்றேன்.

"ஆடுனா ஆடிட்டுப் போகுது. அனுசரிச்சு அடிக்கணும்த்தா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள அதட்டுற மாதிரி பம்பப் போட்டு அதட்டுனா அது என்ன செய்யும்?" என்றார். அத்தை அதைக் கேட்டுச் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் அடித்தேன்.

ஒரு திங்கட்கிழமைக் காலையில், பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் இரண்டாவது குடத்தை வைத்து அடித்துக்கொண்டிருக்கும்போது ஆணி முறிந்தது. கைப்பிடி பிடிமானம் இல்லாமல் கீழே போனது, நான் முன்னால் சாய்ந்தேன், அது எம்பி வந்து என் வாயில் இடித்தது. வலி உடனே வரவில்லை. முதலில் வந்தது உப்புக் கரிக்கும் ரத்தம். நாக்கால் தடவினேன். மேலே முன்பல் ஒன்று மற்றப் பற்களோடு வரிசையில் இல்லாமல் கீழே இறங்கித் தொங்கியது. நாக்குப் பட்டதும் அது அசைந்தது.  பிறகு கண் இருட்டியது, குடத்தின் மேலேயே சரிந்தேன். இதைத்தான் ஊரார் விழுந்தது என்கிறார்கள். அடித்த பிறகுதான் சரிந்தேன், சரிந்ததால் அடிபடவில்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து காய்கறி ஏற்றி வந்த வேன் ஒன்றை மச்சான் மெயின் ரோட்டில் மறித்தார். கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மதுரைக்குப் போனேன். ஒரு பக்கம் மச்சான், இன்னொரு பக்கம் அத்தை. அத்தை தன் முந்தானையைச் சுருட்டி என் வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். வழியெல்லாம் அவர் முனகியது எனக்குக் கேட்டது: "யாரு கேட்டாலும் வழுக்கி விழுந்துட்டான்னே சொல்லணும். மாமா போட்ட ஆணின்னு தெரிஞ்சா நாளைக்குத் தெருவுல ஒருத்தன் மதிக்க மாட்டான்." என் வாய் நிறைய ரத்தமும் முந்தானையுமாக இருக்கும்போது அவர் கவலை மாமாவின் பேரைப் பற்றி இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பல்லைக் கடிக்கப் பார்த்தேன். அந்த இறங்கிய பல் கீழ்ப்பல்லில் இடித்து உயிர் போய் வந்தது.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு சிஸ்டர் இருந்தார். நடுத்தர வயது, கண்ணாடி, அதிகம் பேசாத முகம். "என்னாச்சு?" என்று கேட்டார்.

"பம்படியில பாசி, வழுக்கி விழுந்துட்டா சிஸ்டர்" என்று அத்தை முந்திக்கொண்டார்.

சிஸ்டர் அத்தையைப் பார்க்கவில்லை. என் பின்னால் நின்ற மச்சானை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, "நீ சொல்லும்மா. என்னாச்சு?" என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறவள். ப, ம இரண்டும் உதட்டில் பிறக்கிற எழுத்துகள், இரண்டு உதடும் ஒட்டினால்தான் வரும் என்று பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்டுவேன். என் மேல் உதடோ கிழிந்து, வீங்கி, மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்ல வேண்டியிருந்த ஒரே சொல் பம்பு. அதில் உதடு ஒட்டாத எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. உயிரைக் கொடுத்துச் சொன்னேன். வெளியே வந்தது, "அங்ஙு... அடிச்சது."

சிஸ்டர் நிமிர்ந்தார். "அது அடிச்சதா?"

நான் வேகமாகத் தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். அவுக என்பார்கள், கோபமிருந்தால் அது என்பார்கள். "அது இன்னும் வீடு வரல", "அது குடிச்சுட்டு வந்துச்சு" என்று எத்தனை பேர் சொல்லி அந்தச் சிஸ்டர் கேட்டிருப்பாரோ! அவர் பார்வை மறுபடி மச்சான் மேல் போனபோதுதான் எனக்கு உறைத்தது. கையை ஆட்டி இல்லை இல்லை என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. "பயப்படாத. அவன் வெளிய போகட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார். மச்சான் எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற ஆள். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனவரை, "வெளிய நில்லுய்யா" என்ற ஒரே அதட்டலில் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்.

உதட்டில் தையல் போட்டார்கள், டெட்டனஸ் ஊசி போட்டார்கள். அதன் பிறகு பல் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். பெஞ்சில் எனக்கு முன்னால் கன்னம் வீங்கியவர்கள் ஒரு வரிசை உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை, பேச முடிந்தால் அங்கே ஏன் வரப் போகிறார்கள்? உள்ளேயிருந்து ஒவ்வொரு தடவை சத்தம் வந்தபோதும் மொத்த பெஞ்சும் ஒருமுறை நகர்ந்து உட்கார்ந்தது. நானும்தான்.

டாக்டர் இளவயதுக்காரர், ஒல்லியாக இருந்தார். தபால்தலை அளவு எக்ஸ்ரே படம் ஒன்றைப் பல்லுக்குப் பின்னால் வைத்து என் விரலாலேயே அழுத்திப் பிடிக்கச் சொல்லி எடுத்தார். அது கழுவி வரும்வரை நான் கும்பிடாத சாமியில்லை, மனசுக்குள்ளேயே அழகர்கோவில் வரைக்கும் போய் வந்துவிட்டேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேர் முறியல" என்றார்.

அத்தை முன்னால் வந்தார். "ஆடுற பல்ல எதுக்கு டாக்டர் வச்சுக்கிட்டு? பிடுங்கி விட்டுருங்க. அப்புறமா ஒரு பல்லக் கட்டிக்கிட்டாப் போச்சு. எம்புட்டுப் பேரு கட்டிருக்காக."

"பல்லு எலும்புக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுன்னு நீங்க நினைக்கிறீங்க" என்றார் டாக்டர். ஆணி என்றதும் அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் கவனிக்காமல் சொல்லிக்கொண்டு போனார். "அப்படி இல்லம்மா. வேரைச் சுத்தி நார் நாரா இருக்கும். அந்த நாருகதான் பல்ல எலும்போட பிடிச்சு வச்சிருக்கு. இப்ப அதுல பாதி அறுந்து, பல்லு குழியவிட்டுக் கொஞ்சம் இறங்கியிருக்கு. மேல தள்ளி உட்கார வச்சு, பக்கத்துப் பல்லுகளோட சேத்துக் கம்பி கட்டிரலாம். அசையாம இருந்தா நாரு மறுபடி பிடிக்கும். பல்லுக்குள்ள இருக்கிற நரம்பு பிழைக்குமா செத்துருமான்னு இப்ப சொல்ல முடியாது. செத்துட்டாப் பல்லு கறுக்கும், அப்ப வேருக்குள்ள வேற வைத்தியம் பார்க்கணும். உறுதியெல்லாம் தர மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க பல்லு. நீங்க சொல்லுங்க. பிடுங்கணுமா, கட்டணுமா?"

அந்தக் காலையிலிருந்து என்னிடம் என் விருப்பத்தைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் கட்டுவது போலச் சைகை செய்தேன். அத்தை, "யோசிச்சுச் செய்யி பாண்டி" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? ஆணி மாமாவுடையது, பல் என்னுடையது. அவர் செருகிய ஆணிக்காக நான் பல்லைக் கொடுக்க முடியாது. போதாததற்கு, தமிழ் என்ற சொல்லின் முதல் எழுத்தே நாக்கு முன்பல்லில் போய் ஒட்டினால்தான் பிறக்கும். பொக்கை வாயோடு நின்று நான் பிள்ளைகளுக்குத் த எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார், ஆனாலும் கட்டைவிரலால் அவர் பல்லை மேலே அழுத்தியபோது உள்ளே ஏதோ நறுக்கென்று உட்கார்ந்த சத்தம் தலைக்குள் கேட்டது. பூக்கட்டும் நாரைவிட மெல்லிய எஃகுக் கம்பியைப் பல்லுக்குப் பல் சுற்றி முறுக்கினார். முடிந்ததும் கட்டளைகள் போட்டார். கஞ்சி, பால், சாறு தவிர எதுவும் கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். விரலால் தொடக் கூடாது, நாக்கால் துழாவக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு விரலை நீட்டிச் சொன்னார்: "முக்கியமா ஒண்ணு. எந்தக் காரணத்துக்கும் பல்லக் கடிக்கக் கூடாது. நீங்க பல்லக் கடிச்சா நான் செஞ்சது அம்புட்டும் வீண்."

எனக்கு வாய் இருந்தால் அங்கேயே சிரித்திருப்பேன். பிறந்ததிலிருந்து எனக்குச் சொல்லப்பட்ட புத்திமதிக்கு நேர் எதிராக ஒருவர் உத்தரவு போட்டுவிட்டார், அதுவும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு!

மயங்கிச் சரிந்ததால் தலையில் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முகவீக்கமும் இறங்க வேண்டும் என்று பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் மும்தாஜ் அக்கா. நகருக்குள் பழைய தெருவில் அவர் வீட்டுக்காரர் வளையல் கடை வைத்திருந்தார். பரண் மேலிருந்து பாத்திரம் எடுக்கப்போய் விழுந்து கை முறிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்னம்மா?" அத்தை வழக்கம்போல, "வழுக்கி விழுந்துட்டா" என்றார்.

"எங்க தெருவுலயும் வழுக்கி விழுகுற பொம்பளைங்க நெறையப் பேரு இருக்காங்கம்மா" என்றார் மும்தாஜ் அக்கா. "புருஷன் வீட்ல இல்லாத நேரம் பாத்து ஒருத்தியும் வழுக்குறதில்ல." அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வார்டு முழுக்கப் பரவிவிட்டது. அங்கே இருந்த அத்தனை பெண்களுக்கும் மச்சான் மனைவியின் பல்லை உடைத்தவர். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தால், "அடிக்கிறதும் அடிச்சுட்டுப் பழம் வேறயா?" என்று யாரோ முனகுவார்கள். அந்தச் சிஸ்டர் வார்டுப் பக்கம் வந்தால், மச்சானை என் கட்டிலருகே உட்காரக்கூட விடமாட்டார். பாவம் மச்சான், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டுக்கும் உதடு இடம் கொடுக்கவில்லை.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நிறையாது. தலைவலி என்று படுத்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், சரி. பல் ஆடுகிறது என்றால் ஆட்டிப் பார்ப்பார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒவ்வொருவரும் ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, "எங்க, காட்டு பாப்போம், எம்புட்டு ஆடுது?" என்று விரலை நீட்டிக்கொண்டு வந்தார்கள். பால்பல் ஆடுகிற பிள்ளைக்கு நூல் கட்டி இழுத்துக் கூரையில் எறிந்த கைகள் அவை, பழக்கம் விடுமா? நான் தலையணையால் முகத்தை மூடிக்கொள்வேன். கடைசியில் மும்தாஜ் அக்கா பொறுப்பை எடுத்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "தொட்டீங்கன்னா இதாலயே போட்டுருவேன்" என்றார். அதன் பிறகு தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சி போன்ற ஒரு குழைவான கஞ்சியை வடிகட்டி எனக்கு ஒரு டம்ளர் கொடுப்பார். பூண்டும் வெந்தயமும் மணக்கும் அந்தக் கஞ்சிதான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

அம்மாவும் வந்தார். ரசம் சாதத்தைக் கரைத்துக் கரைத்துத் தண்ணீராகவே ஆக்கிக் கொண்டு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து அழுதார். அப்புறம் அத்தை தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து மெதுவாக, "என்ன நடந்துச்சோ எனக்குத் தெரியாது பாண்டி. எதுன்னாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருத்தா" என்றார். பெற்ற தாய்க்கே சந்தேகம்! அன்றைக்குத்தான் மச்சான் என் பள்ளிக்கூடத்துப் பையிலிருந்து சிலேட்டையும் குச்சியையும் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டியிருந்தார். நான் எழுதிக் காட்டினேன்: டாக்டர் பல்லைக் கடிக்கக் கூடாது என்றார். அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ரசம் சாதத்தை மறுபடி கரைக்க ஆரம்பித்தார்.

சிஸ்டர் வந்தபோது சிலேட்டைத் திருப்பிப் பெரிய எழுத்தில் எழுதினேன்: பம்பு அடித்தது. அவர் படித்தார். "நல்ல கையெழுத்து. யாரு எழுதச் சொன்னா?" என்றார். மச்சான் சிலேட்டு கொண்டுவந்ததை அவர் பார்த்திருக்கிறார். நான் அழித்துவிட்டு, சத்தியமாகப் பம்பு என்று எழுதினேன். "புருஷன விட்டுக் குடுக்காத பொம்பளைங்க இருக்கிற வரைக்கும் இதுக்கெல்லாம் முடிவே இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். உண்மையை எழுதிக் காட்டியும் எடுபடவில்லை. ஆத்திரத்தில் என் தாடை தானாக இறுகியது. உடனே டாக்டரின் விரல் நினைவு வந்தது. வாயைத் திறந்துவைத்துக்கொண்டு கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் நான் நிஜமாகவே பயந்தது தூக்கத்துக்குத்தான். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம். விழித்திருக்கும்போது தடுத்துக்கொள்ளலாம், தூங்கினால் எப்படி? கண் அசந்தால் கம்பி தெறித்துவிடும், காலையில் பல் தலையணையில் கிடக்கும் என்ற பயத்தில் தூங்காமல் கிடந்தேன். இதைச் சிலேட்டின் மறுபக்கத்தில் எழுதி அத்தையிடம் காட்டினேன்.  அவர் கட்டிலை ஒட்டிப் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார். நான் பல்லைக் கடிக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் கன்னத்தில் லேசாகத் தட்டி எழுப்பினார். விடிகிற வரைக்கும் அவர் அசரவில்லை. அங்கே இருந்த நாளெல்லாம் அப்படித்தான். அந்த அத்தையையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஒருநாள் காலையில் கண் சிவந்துபோய்க் கேட்டார்: "இம்புட்டுக் கோவமாக் கடிக்கிறியே பாண்டி, தூக்கத்துல யாரத்தா கடிக்கிற?"

கேட்டுவிட்டு அவர் முகம் கழுவ எழுந்து போனார். 

அன்று டாக்டர் வார்டுக்கு வந்தார். கூடவே சிஸ்டரும் வந்தார். பல்லைப் பார்த்துவிட்டு, "நல்லாப் பிடிச்சுக்கிட்டு வருது. வீட்டுக்கு அனுப்பலாம்" என்றார். சிஸ்டர் குறுக்கிட்டார். "எந்த வீட்டுக்கு சார்? மறுபடி அந்தாளுகிட்டயேவா? இன்னொரு அடி அடிச்சா இந்தப் பல்லு நிக்குமா? அந்தப் பிள்ளைய அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க." ஜன்னலுக்கு வெளியே நின்ற மச்சான் இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை அதைப் பார்த்தார். மகன் தலை குனிந்ததை அவரால் தாங்க முடியவில்லை. "யாரப் பாத்து என்ன சொல்றீக?" என்று எழுந்தார். "என் மகன் ஒரு நாளு அவ மேல கைய வச்சதில்ல! அவன் நாய அதட்டவே யோசிக்கிறவன். அடிச்சது எங்க வீட்டுப் பம்பு! எங்க வீட்டுக்காரரு, அந்தப் பெரிய இஞ்சினியரு, போல்ட்டுக்குப் பதிலா ஆணியச் சொருகி வச்சாரு. இவ தலபாடா அடிச்சுக்கிட்டா, கழண்டு வரும் கழண்டு வரும்னு. நாந்தான் கேட்டுச் சிரிச்சேன். போதுமா?"

 மும்தாஜ் அக்கா தன் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தத் தம்பி இத்தன நாளும் உள்ள வந்து உக்காந்திருக்கும்ல?" என்றார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். நான் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தேன். சத்தியமாகப் பம்பு என்ற எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. அவர் வெளியே போய் மச்சானைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே, "பம்ப சரி பண்ணிட்டேன்த்தா" என்றார். பின்புறம் போய்ப் பார்த்தேன். சரிதான். பழைய ஆணிக்குப் பதிலாக அதைவிடத் தடியான ஓர் ஆணி, இந்த முறை இரண்டு வளைவு வளைத்து!

உதட்டு வீக்கம் வற்றிவிட்டது. ப வந்தது, ம வந்தது. வந்ததும் நான் சொன்ன முதல் சொல் அதுதான். "இந்தப் பம்புல போல்ட்டு வர்ற வரைக்கும் நான் தண்ணி அடிக்க மாட்டேன் மாமா."

"என்னத்தா, இந்த ஆணி யானைய நிறுத்தும்."

"நிறுத்தட்டும். நான் அடிக்க மாட்டேன்."

இது அம்மா காதுக்குப் போய், அம்மா புறப்பட்டு வந்தார். "ஒரு ஆணிக்காகவா குடும்பத்துல பேச்சு? கொஞ்ச நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு..."

"டாக்டர் கூடாதுன்னுட்டாரும்மா. பல்லக் கடிச்சா நாரு அறுந்துரும்" என்றேன்.  அம்மாவுக்குத் தெரிந்த ஒரே மருந்தை ஒரு டாக்டர் தடை செய்துவிட்டார், அதற்கு மேல் அவர் என்ன சொல்வார்?

அன்று சாயங்காலம் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போனார். கைப்பிடியில் கை வைத்தார். ஆணியைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். "ஏங்க, இங்க வாங்க. யானைய நிறுத்துற ஆணிதான? நீங்களே வந்து அடிங்க" என்றார்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பம்பைப் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கையை எட்ட நீட்டி, உடம்பைப் பின்னால் வளைத்து, முகத்தை முழுசாக நாகமலைப் பக்கம் திருப்பிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். மச்சான்தான் முதலில் சிரித்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்தினார். பாதிக் குடம் நிறைவதற்குள் மாமா நிறுத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறினார். இருட்டுகிற நேரம் திரும்பி வந்து ஒரு போல்ட்டையும் இரண்டு நட்டையும் என் முன்னால் வைத்தார். "ஒரு நட்டு உபரியா இருக்கட்டும்னு வாங்கினேன்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன்.

சில வாரம் கழித்துக் கம்பியை எடுக்கப் போனோம். நானும் மச்சானும் மட்டும் போனோம். டாக்டர் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் பல்லை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. பிறகு பஞ்சால் பிடித்த ஓர் ஐஸ் துண்டைப் பல்லில் வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சுரீர் என்றது. வாழ்நாளில் வலித்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். "நரம்பு பிழைச்சிருச்சு. நாளாக நாளாகக் கொஞ்சம் மஞ்சளாகும், அது போகட்டும்" என்றார் டாக்டர். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். கையைக் கழுவிக்கொண்டே, "அவ்வளவுதான் டீச்சர். இனிமே எதை வேணாலும் சாப்பிடுங்க. நல்லாப் பல்லக் கடிக்கலாம்" என்றார்.

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. மச்சான் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அதை மட்டும் எங்க வீட்டுல யாரு கேட்டாலும் சொல்லிறாதீங்க" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. மச்சானுக்குப் புரிந்தது. பஸ்ஸில் வரும்போது, "நானும் சொல்ல மாட்டேன் புள்ள" என்றார். இன்றுவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது ஆடினாலும், அம்மியோ ஏணியோ மாமாவின் சைக்கிளோ, நான் ஒரு தடவைதான் சொல்வேன். அனுசரித்துப் போ என்று யாராவது ஆரம்பித்தால் விரலால் முன்பல்லைத் தொட்டுக் காட்டி, "டாக்டர் பல்லக் கடிக்கக் கூடாதுன்னுருக்காரு" என்பேன். அந்த உத்தரவு அன்றைக்கே ரத்தாகிவிட்டது என்று இதைப் படித்து அவர்களுக்குத் தெரியவந்தால் தெரியட்டும். இத்தனை வருஷத்தில் எனக்குப் பல்லைக் கடிக்கிற பழக்கமே விட்டுப்போய்விட்டது.